காசியில் ஒரு பகல்

முற்காலத்தில் காசி யாத்திரை என்பது மாதக்கணக்கில் நீளும் பயணம். நில புலங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, உற்றார் உறவினரிடம் விடைபெற்றுக்கொண்டே புறப்படுவார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லை. வந்துவிட்டால் கங்கைச் சொம்புக்குப் பூஜை நடக்கும். வீட்டில் சமாராதனை நடக்கும். இக்கால இளைஞர்களோ, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு காலையில் ரயிலை விட்டு இறங்கி, இரவில் அடுத்த ஊருக்கு ரயிலேறிவிடுகிறார்கள். ஒரே நாளில் காசியில் எதைத் தரிசிக்க முடியும் என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆயினும், அந்த ஒரு நாளும் பயனுள்ளதாக அமைவதுண்டு. சென்னையில் ஒன்றாகப் படித்த நான்கு நண்பர்களின் பயணம் அத்தகையது.

நால்வரும் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தை முடித்துக்கொண்டு காசிக்கு வந்தார்கள். அன்றிரவே அயோத்திக்குச் செல்ல வேண்டும். ஆகவே, திட்டம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. விடியலில் படகு, பின்னர் விசுவநாதர் தரிசனம், பிற்பகல் சாரநாத், மாலையில் கங்கை ஆரத்தி. சாரநாத்தைச் சேர்த்தவர், வரலாறு பயின்ற நண்பர். புத்தபிரான் முதன்முதலில் உபதேசம் செய்த அத்தலத்தையும், நம் தேசியச் சின்னமாகிவிட்ட அசோகரின் சிங்கத் தூணையும் காண்பது அவருடைய நெடுநாள் ஆசை. நகரிலிருந்து பத்து கிலோமீட்டர்தான்.

பைகளை ரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அசி கட்டத்திற்குச் சென்றார்கள். மண் குவளைகளில் தேநீர் வந்தது. ஒருவர் மட்டும் வேண்டாம் என்று மறுத்தார். வயிற்றுக்கு ஏதோ ஒவ்வவில்லை போலும் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

வருணை, அசி என்னும் இரு நதிகளுக்கு இடைப்பட்டதால் வாராணசி என்று பெயர் பெற்ற நகரம் இது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாயும் கங்கையில் படகு மெல்ல நகர்ந்தது. கிழக்குக் கரையில் சூரியன் எழ, மேற்குக் கரைப் படித்துறைகள் ஒவ்வொன்றாக ஒளி பெற்றன. அனுமன் கட்டம் நெருங்கியபோது, தேநீர் வேண்டாமென்ற நண்பர் படகை ஓரம் கட்டச் சொன்னார். “நீங்க போயிட்டு வாங்கடா. எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கு. மத்தியானம் சாரநாத்துல சந்திக்கிறேன்” என்றார். என்ன வேலை என்று கேட்டபோதுதான் விவரம் தெரியவந்தது.

அவருடைய தந்தை 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனையில் காலமானார். மகன் அப்போது வேறு நகரில் அதே நோயுடன் தனிமையில் இருந்தார். இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்க்க மட்டுமே முடிந்தது. காசியில் தீர்த்த சிராத்தமாவது செய்துவிட வேண்டும் என்று அனுமன் கட்டத்தில் ஒரு சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். நண்பர்களின் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எவரிடமும் சொல்லவில்லை.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. துடுப்பின் ஓசை மட்டும் கேட்டது. வரலாற்று நண்பர்தான் முதலில் எழுந்தார். “சாரநாத் எங்கடா போயிடப் போகுது? இரண்டாயிரம் வருஷமா அங்கேதான் இருக்கு. நாங்களும் இறங்கறோம்.”

அனுமன் கட்டத்துத் தெருக்களில் தமிழ் ஒலிப்பது இன்று நேற்றல்ல. 1898-இல் தந்தையை இழந்த பாரதியார், பதினைந்து வயதுச் சிறுவராக அத்தை குப்பம்மாளின் ஆதரவை நாடி வந்து தங்கியது இங்கேதான். சற்று வடக்கே கேதார கட்டத்தில், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் நிறுவிய மடம் இருக்கிறது. தந்தையின் நினைவுடன் வந்த இளைஞருக்கு அந்தத் தெரு அந்நியமாகத் தோன்றவில்லை.

அசி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, ஆதிகேசவம் ஆகிய ஐந்து தீர்த்தங்களிலும் பிண்டம் இடுவது முறை. சாஸ்திரிகளுடன் நண்பர் ஒரு பக்கம் அமர, மற்ற மூவரும் படகின் மறுபக்கம் அமைதியாக அமர்ந்திருந்தார்கள். முன்னோர்க்குரிய பிண்டங்கள் முடிந்தபின், உறவினர், ஆசிரியர், நண்பர் என உதவிய அனைவரையும் நினைத்து இடச் சொன்னார் சாஸ்திரிகள். கடைசியாக, “எள்ளும் தண்ணீரும் இறைக்க யாருமில்லாமல் போனவர்களுக்கும் ஒரு பிண்டம் உண்டு. அப்படி யாராவது ஞாபகம் வருகிறார்களா?” என்று கேட்டார்.

நண்பர் தயங்கினார். மருத்துவமனையில் தந்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர் இருந்தார். அவருக்கு எவரிடமிருந்தும் அழைப்பு வருவதில்லை என்று தந்தை தொலைபேசியில் இரண்டு முறை சொல்லி வருந்தியிருந்தார். தந்தைக்கு இரண்டு நாட்கள் முன்பாக அவரும் போய்விட்டார். பெயர் தெரியாது. “பெயரும் கோத்திரமும் தெரியாவிட்டால் குறையில்லை. மனத்தில் நினைத்துக்கொண்டு இடுங்கள்” என்றார் சாஸ்திரிகள். அதுவரை கலங்காமலிருந்த நண்பர், அந்த ஒரு பிண்டத்தை இடும்போது குலுங்கி அழுதார். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

சாஸ்திரிகள் இல்லத்தில் உணவு முடிந்தபோது பிற்பகலாகிவிட்டது. கைப்பேசிகளைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு விசுவநாதரைத் தரிசித்தார்கள். இந்தூர் அரசி அகல்யாபாய் 1780-இல் எழுப்பிய ஆலயம்; விமானத்திற்குப் பொன் வேய்ந்தவர் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங். இறைவனின் பூஜைக்குரிய பொருட்களை 1863-இல் நிறுவப்பட்ட நகரத்தார் சத்திரத்திலிருந்து நாள்தோறும் சுமந்து வருகிறார்கள் என்பது, தெற்கையும் வடக்கையும் இணைக்கும் கைங்கரியம். அன்னபூரணியையும் விசாலாட்சியையும் வணங்கி, தசாசுவமேத கட்டத்தில் ஆரத்தி கண்டு, இரவு ரயிலைப் பிடித்தார்கள். சாரநாத் நின்றுபோயிற்று.

காசிக்குச் சென்றால் விருப்பமான ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது மரபு. காயோ பழமோ விடுவது வழக்கம். பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டுப் புண்ணியம் தேடுவோரும் உண்டு. விடுவதற்கு மனம் சற்று வலித்தால்தான் அது தியாகம்.

வரலாற்று நண்பர் வீடு திரும்பியதும், பாட்டியிடம் கங்கைச் சொம்பைக் கொடுத்தார். அதைக் கண்களில் ஒற்றிக்கொண்ட பாட்டி, “காசியில என்னடா விட்டுட்டு வந்தே?” என்று கேட்டார்.

“சாரநாத்தை விட்டுட்டு வந்தேன் பாட்டி” என்று சொல்லி, நடந்ததை விவரித்தார்.

பாட்டி சிரிக்கவில்லை. “நல்லதைத்தான் விட்டிருக்கே” என்று சொல்லிவிட்டு, சொம்பைப் பூஜை அறைக்கு எடுத்துச் சென்றார்.