மூடினால் கருப்பு, திறந்தால் மயில்

குற்றாலத்துக்கு வருஷா வருஷம் போவோம். ஆனால், சீசனில் போக மாட்டோம். ஆடிக் கூட்டத்தில் வரிசையில் நின்று, அருவிக்கடியில் தலையை நீட்டி, பின்னால் நிற்பவர் தள்ளுவதற்குள் வெளியே வருவதற்கு வீட்டுக் குழாயே மேல் என்பது என் கணவரின் கட்சி. அதனால் புரட்டாசியில்தான் கிளம்புவோம். அருவி கொஞ்சம் மெலிந்திருக்கும். ஆனால், ஆற அமரக் குளிக்கலாம்.

இந்த முறை பழைய குற்றாலம். அவரும் பிள்ளைகளும் அருவிக்குப் போய்விட, அத்தையும் நானும் பைக்கும் செருப்புக்கும் காவல். அத்தைக்கு முழங்கால் வலி, எனக்குச் சோம்பல். அருவித் தண்ணீர் ஓடையாக இறங்கிப் போகிற இடத்தில், மர நிழலில் ஒரு பாறை பார்த்து உட்கார்ந்தோம்.

எதிரே, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் கருப்பாக ஈர்க்குச்சி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று அது எழும்பியது. அப்படியொரு பச்சை! மயில் கழுத்தில் வெயில் பட்டால் பச்சையும் நீலமுமாக மின்னுமே, அந்த மினுமினுப்பு. தண்ணீரை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி குச்சிக்கு வந்தது. உடனே பழைய கருப்பு ஈர்க்குச்சி.

"லைட்டைப் போட்டு அணைச்ச மாதிரி இருக்கே" என்றார் அத்தை.

சின்ன வயதில் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டோமே, அந்தத் தட்டானின் ஒல்லியான உறவுக்காரன் இது. ஊசித்தட்டான் என்போம். தட்டான் உட்காரும்போது இறகை விரித்து வைத்திருக்கும். ஊசித்தட்டான்கள் பெரும்பாலும் முதுகுக்கு மேல் மடித்துக்கொள்ளும். கண்களும் ஒட்டாமல் தள்ளித் தள்ளி இருக்கும். நாங்கள் பார்த்ததை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீம் குளோரி' என்கிறார்கள். 'நியூரோபேசிஸ் சைனென்சிஸ்' என்பது அறிவியல் பெயர். 1758-ல் லின்னேயஸ் இதைப் பதிவு செய்தபோது 'சீனத்தது' என்று பெயர் வைத்துவிட்டார். நம் ஊர் ஓடையில் உட்கார்ந்திருந்தாலும் பெயரில் சீனாதான்!

ஆணுக்கு உடம்பு உலோகப் பச்சை. முன்னிறகு கண்ணாடி. வித்தையெல்லாம் பின்னிறகில். அதன் மேல்பக்கம்தான் அந்த மயில் நிறம், நுனி மட்டும் கருப்பு. அடிப்பக்கம் இருண்ட செம்புக் கருப்பு. இறகை மடித்தால் மேல்பக்கம் உள்ளே மறைந்துவிடும். பெண்ணுக்கு இந்த ஆடம்பரம் கிடையாது. பழுப்புச் சாயலில் இறகு, பின்னிறகில் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான்.

அந்தப் பச்சை சாயமும் அல்ல. இறகுச் சவ்வில் அடுக்கடுக்காக மெல்லிய படலங்கள் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போது பிறக்கிற நிறம் அது. சோப்புக் குமிழியில் வர்ணம் தெரிவதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

சோப்பு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பூச்சியின் வாழ்க்கையில் பெரும்பகுதி இறகே இல்லாமல் தண்ணீருக்குள் கழிகிறது. தாய், நீர்ச்செடியின் தண்டைக் கீறி முட்டை வைக்கும். அதற்காக நீருக்குள்ளேயே இறங்குவதும் உண்டு. குஞ்சு, வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள்களோடு, வேரையும் தண்டையும் பற்றிக்கொண்டு வளரும். அதற்கு நிழல் வேண்டும், ஓடுகிற தண்ணீர் வேண்டும், அதில் பிராணவாயு வேண்டும். தேங்கின குட்டையில் இதைத் தேடிப் பயனில்லை.

அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை இருக்கிறது. ஆனாலும், நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையிடுக்கில் கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகளை எண்ணினேன். ஏழு. போன வருஷம் நானும் இரண்டு பாக்கெட் கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே போட்டேன் என்று ஞாபகமில்லை.

"நாம சீயக்காய்தானே கொண்டாந்திருக்கோம், அது பரவாயில்ல" என்றார் அத்தை.

"அதுவும் நுரைக்குமே அத்தை. மீனுக்கே ஆகாதாம்."

அத்தை பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த பாட்டி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "சீசன்ல இத எங்கம்மா பாக்க? சனம் போன பொறவுதான் இந்தப் பக்கம் வரும்" என்றார். பத்து ரூபாய்க்கு நெல்லிக்காய் வாங்கிக்கொண்டோம். அதற்குள் குச்சிக்கு இன்னொரு ஆண் வந்துவிட, இரண்டும் மாறி மாறித் துரத்திக்கொண்டன. ஓடை முழுக்கப் பச்சைப் பொறி.

அரை மணி நேரம் கழித்து என் கணவர் நடுங்கிக்கொண்டே வந்தார். "சீயக்காய் டப்பா எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பையைத் தன் பக்கம் இழுத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"அது ரூம்லயே இருக்குடா. போ, போய் வெறும் தண்ணியில குளி."