எல்லையுள் நின்ற ஏற்றம்

ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டையை ஆங்கிலேயர் 1799-ஆம் ஆண்டில் கைப்பற்றி இடித்தனர். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாளையங்கோட்டைச் சிறையினின்று மீண்ட அவர் தம்பி ஊமைத்துரை, சில நாள்களுக்குள் அதனை மீண்டும் எழுப்பினார். கல் கொணரக் காலம் இல்லை. கைக்கு எட்டியது மண். பகைவரோ அண்மையில் இருந்தனர். ஆயினும், அம்மண்மதில் மார்ச்சு 31-ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலைத் தாங்கி நின்றது. மே 24-ஆம் நாளே வீழ்ந்தது.

கட்டுவோர்க்கு எக்காலத்தும் எல்லைகள் உண்டு. மின்கம்பிகளைத் தாங்கி நிற்கும் இரும்புக் கோபுரத்தை நோக்குக. இரும்பு மிகுந்தால் பொருள் வீணாகும். குறைந்தால் புயற்காற்றில் கோபுரம் சாயும். கீழே வாழ்வோர் உயிருக்கு ஊறு நேரும். ஆலையில் உருவாகும் அளவுகளுள் ஒன்றையே ஒவ்வோர் உறுப்புக்கும் தேர்தல் வேண்டும். பத்து வகை உறுப்புகள், ஒவ்வொரு வகைக்கும் 32 அளவுகள் என்று கொள்வோம். அவற்றால் ஆகும் அமைப்புகள் பதினொரு கோடி கோடிக்கும் மேற்படும். நொடிக்குப் பத்து இலட்சம் அமைப்புகளை ஆராயும் கணிப்பொறிக்கும் 35 ஆண்டுகள் வேண்டும்! கடலடிச் சிப்பி அனைத்தையும் திறந்த பின்னரே சிறந்த முத்தைத் தேர்வேன் என்று முத்துக்குளிப்பவர் எண்ணினால், மூச்சு இடங்கொடுக்குமா?

இச்சிக்கலுக்கு இயற்கையே வழி காட்டிற்று. உயிர்கள் தலைமுறைதோறும் திருந்தும் முறையை ஜான் ஹாலண்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1975-இல் வெளியிட்ட நூலில் கணித நெறியாக வகுத்துரைத்தார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தியும் ராஜீவ் என்பவரும் 1992-இல் அந்நெறியைக் கட்டுமானத் துறையில் கையாண்டு, 160 உறுப்புகள் கொண்ட மின்கோபுரத்தை வடிவமைத்துக் காட்டினர்.

அந்நெறி இயங்கும் வகை எளியது. முதலில் சில அமைப்புகள் குறிப்பின்றி எடுக்கப்படும். எடை குறைந்தவை மதிப்புப் பெறும். உறுதியின் எல்லையை மீறியவை தண்டம் பெறும். தேறியவை தம்முள் கலந்து புதிய தலைமுறையைத் தரும். இடையிடையே சிறு மாறுதலும் புகும். தலைமுறை பல கழியக் கோபுரத்தின் எடை குறையும்; உறுதி நிலைக்கும். இதுவே தலைசிறந்தது என்று அந்நெறி உறுதி கூறுவதில்லை; குறுகிய காலத்தில் நல்லதொன்றைத் தேடித் தரும்.

ஆனால், தண்டத்தின் அளவு யாது? சிறிதாயின் மெலிந்த கோபுரமே வெல்லும்; பெரிதாயின் தேடல் எல்லையோரத்தை அஞ்சி விலகும். சிக்கனமான அமைப்பு பெரும்பாலும் அவ்வோரத்தில் அன்றோ உள்ளது! இதனை உணர்ந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கல்யாண்மய் தேப் 2000-இல் ஒரு தீர்வு கூறினார். எல்லைக்கு உட்பட்டவை இரண்டாயின் எடை குறைந்தது வெல்லும். மீறியவை இரண்டாயின் குறைவாக மீறியது வெல்லும். ஒன்று உட்பட்டும் மற்றொன்று மீறியும் இருப்பின், மீறியது எத்துணைச் சிக்கனமாயினும் தோற்கும்.

எல்லை அறிவுக்குப் பகையன்று. ஊமைத்துரைக்குக் கிடைத்தவை மண்ணும் சில நாள்களுமே. அவற்றுள் நின்றே அவர் மதில் எழுப்பினார். எல்லையுள் நின்று காணும் ஏற்றமே ஏற்றம். அதனை மீறிப் பெறும் சிக்கனம், புயல் வரும் நாளில் பெருஞ்செலவாய் முடியும்.