மைசூர் யெஸ்டி

யெஸ்டி மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது டாங்கியின் இடது பக்க ரப்பர் பட்டை மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வலது பக்கத்தில் வரிகள் அப்படியே இருந்தன. முன்னால் ஓட்டினவருக்கு இடது முட்டியை டாங்கியோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்திருக்கும் என்றார் அப்பா. அந்த மனிதரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆர்.சி. புத்தகத்தில் சாமராஜநகர் விலாசம், ஹெட்லைட் மேல் பாதி உரிந்த மாதேஸ்வரன் ஸ்டிக்கர், டூல்பாக்ஸைத் திறந்தால் நாலாக மடித்த கன்னடப் பேப்பர், அதற்குள் ஒரு பழைய பிளக், கிரீஸ் வாசத்தோடு கலந்து வரும் கொட்டைப்பாக்கு வாசம். இவ்வளவுதான் அவர் விட்டுப் போனது. எனக்கு அது தாராளமாகப் போதும். சாமராஜநகர் மாமா என்று பெயர் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, கொஞ்சம் தொப்பையும் கொடுத்து, பாக்கை வாயில் அடக்கியபடி திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் நடுவில், தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து ஊர்களில் எல்லோருக்கும் அவர் ‘டாக்டரு’தான். சினை மாடு கன்று போடத் திணறினாலும், எருமை தீனி எடுக்காமல் நின்றாலும் ராத்திரி எந்நேரமானாலும் ஆள் வந்து திண்ணையைத் தட்டும். சைக்கிளில் போய்ப் போய்க் கால் சோர்ந்த பிறகுதான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வண்டி வாங்குவது என்று முடிவானது. புது வண்டி என்ற பேச்சே எடுக்கவில்லை. பழையது என்றால் எது என்பதில் மட்டும் பல நாள் ரோசனை. புல்லட்டை உதைத்துக் கிளப்ப உடம்பில் தெம்பு வேண்டும், ராஜ்தூத் பால்காரர்களுக்குத்தான் ஒத்து வரும், மைசூர் வண்டி கல்லிலும் மண்ணிலும் போகும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் மெக்கானிக் பாயிடம் போய் நின்றார்.

பாய் வண்டி பார்த்த அழகை நான் இன்னும் யாரிடமும் பார்க்கவில்லை. வெடியால ஆறு மணிக்கே சத்தியமங்கலத்தில் புரோக்கர் வீட்டுத் தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போனதும் ஒன்றும் பேசாமல் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். “சூடு பண்ணி வெச்சிருந்தா எந்த வண்டியும் ஒரே உதையில கெளம்பிருமுங் சார். பச்சைத் தண்ணியாட்ட இருக்கோணும்” என்று அப்பாவின் காதில் சொன்னார். பிறகு நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை ஒரே விரலால் இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினார். நடுவுக்கு வரும்போது டக்கென்று பிடித்தால் கோன் செட் போய்விட்டது என்று அர்த்தமாம். பிடிக்கவில்லை. பின்னால் போய்க் குத்தவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்பானரால் ஸ்போக்கு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். கிண் கிண் என்று வந்த வரிசையில் ஒன்று மட்டும் தொப்பென்று ஊமையாகச் சத்தம் போட, அதில் சாக்பீஸால் ஒரு கோடு. டாங்கி மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு பார்த்தார், மூக்கை வைத்து மோந்தும் பார்த்தார்.

கடைசியாக வண்டியைக் கிளப்பினார். நீட்டமான ஒரு திருப்புளியின் நுனியை இன்ஜின் அடிவயிற்றில் ஊன்றி, மரக் கைப்பிடியில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். கிராங்க்கும் பேரிங்கும் அந்த வழியாகப் பேசும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, “இங்க வா கண்ணு” என்று கூப்பிட்டு என் காதையும் வைக்கவிட்டார். ஒரு பெரிய சத்தத்துக்குள் பல சின்னச் சின்னச் சத்தங்கள் தனித்தனியாக ஓடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். பன்னாரி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்து, ரெண்டாவது கியர் மட்டும் சித்த நழுவுகிறது என்றார் பாய். அதுவரை சும்மா நின்ற அப்பா அப்போதுதான் முன்னால் வந்தார். புரோக்கர் மாட்டுச் சந்தையிலும் தரகு பார்த்தவர், அப்பாவோ மாடுகளோடு வாழ்பவர். புரோக்கர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டார். அடியில் விரல்கள் என்ன பேசிக்கொண்டன என்று தெரியாது. துண்டை உதறியபோது இரண்டு முகமும் சிரித்தன.

வேற்று மாநில வண்டி என்பதால் விலை இறங்கும், அலைச்சல் ஏறும். தடையில்லாச் சான்றுக்காக அப்பா மைசூருக்குப் பஸ்ஸில் போக, நானும் தொற்றிக்கொண்டேன். அதற்கு முந்தின பொழுதோட என் பென்சில் பெட்டிக்கு ஒரு வேலை வந்தது. வண்டியின் கழுத்தடியில் வெட்டியிருக்கும் சேஸ் நம்பரைத் துடைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. “மாட்டுக்குச் சுழி மாதிரி இது. ஒண்ணுக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது” என்றார் அப்பா. மைசூரில் ஆபீஸ் வேலை முடிந்ததும், என் நச்சரிப்புத் தாங்காமல் யாதவகிரிக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் ஐடியல் ஜாவா தொழிற்சாலை. 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாகியா ஜாவா வண்டியை இங்கே செய்ய ஆரம்பித்து, பிறகு 1970-களில் யெஸ்டி என்ற பெயருக்கு மாறிய இடம். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததில் மரமும் மதிலும்தான் தெரிந்தன. நம் வண்டி பிறந்த ஊரைப் பார்த்துவிட்டோம் என்கிற நிறைவோடு நான் பஸ் ஏறினேன்.

யெஸ்டிக்கு உதைக்கும் கம்பியும் கியர் கம்பியும் ஒன்றேதான். இடது பக்கம் இருக்கும் அதை உள்ளே அமுக்கிப் பின்னால் திருப்பினால் கிக்கர், வண்டி கிளம்பியதும் முன்னால் தள்ளிவிட்டால் கியர். வீட்டுக்கு வரும் ஒரம்பரை யாராவது ‘நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வாரேன்’ என்று ஏறி உட்கார்ந்து, வலது காலால் காற்றைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும்வரை சொல்லாமல் இருப்பேன். கியரை மாற்றும்போது அந்தக் கம்பியே கிளட்சையும் விடுவித்துவிடும் என்பதைச் சொல்லும் உரிமையும் எனக்கே. பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 40 மில்லி என்று அப்பா கணக்காக ஆயில் ஊற்றச் சொல்வார். ஊற்றியதும் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை இரண்டு பக்கமும் குலுக்குவார், டாங்கிக்குள் தளக் தளக் என்று சத்தம் வரும். அப்புறம்தான் என்னை டாங்கி மேல் தூக்கி உட்கார வைப்பார். தொடைக்கு அடியில் பெட்ரோலின் குளிர்ச்சி, கெண்டைக்காலில் இன்ஜினின் அனல், விலா எலும்பு முழுக்க அந்த டப டப, முதுகில் அப்பாவின் சட்டைப் பையிலிருக்கும் தெர்மாமீட்டர் டப்பா குத்தும், அவர் கையிலிருந்து டிஞ்சரும் பினாயிலும் மணக்கும்.

பெட்ரோலோடு ஆயிலும் எரிகிற வண்டிக்குப் புகைக்குழாயில் கரி கட்டும். கரி கட்டினால் புகை வெளியேற வழியில்லாமல் இழுவை குறைந்து, சின்ன மேட்டுக்கும் முனகும். அப்படி முனகத் தொடங்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டுத்தரைப் பக்கம் திருவிழாதான். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர். இரண்டின் உள்குழாயையும் உருவி, தேங்காய்த்தொட்டியும் பன்னாடையும் குவித்துச் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, அதில் போட்டுவிடுவார் அப்பா. எண்ணெய்க் கரி பற்றிக் கறுகறுவென்று புகை எழும்பும்போது அம்மா கொடியில் காய்ந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஆறியதும் பழைய ஆக்ஸா பிளேடால் சுரண்டுவது என் வேலை. பிளாட்டினம் பாயிண்டைச் சுத்தம் பண்ண மட்டும் என்னை விடமாட்டார். உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, இரண்டு முனைக்கும் நடுவில் விட்டு, மாட்டுக் கண்ணில் மருந்து விடும் அதே நிதானத்தோடு இழுப்பார். ஒரு முறை இன்ஜினையே இறக்கி போர் போட வேண்டி வந்தது. பிஸ்டன் கால் மில்லிமீட்டர் பெருத்தது. பிறகு வெகு நாள்வரை வண்டி நடைபழகுகிற வேகத்திலேயே போனது. எவ்வளவு அவசரக் கேஸ் என்றாலும் அப்பா முறுக்கவில்லை. புது பிஸ்டன் சுவரோடு பழக வேண்டும், அவசரப்பட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்பார்.

சாமராஜநகர் மாமா இதற்கிடையில் மெல்ல மெல்ல விலகிப் போயிருந்தார். டூல்பாக்ஸில் பாக்கு வாசம் போய் டிஞ்சர் வாசம் வந்துவிட்டது. பிரேக் மிதியில் அப்பாவின் செருப்பு படும் இடம் தனியாக மின்னியது.

1996-இல் மைசூர்த் தொழிற்சாலை மூடிய செய்தியைப் பாய்தான் வந்து சொன்னார். சாமான் கிடைப்பது குறையும், லிட்டருக்குக் கூடுதல் தூரம் போகும் சிடி 100 ஒன்று தோதாக வருகிறது என்றார். அப்பாவுக்கு முதுகுவலியும் சேர்ந்திருந்தது. யெஸ்டியைக் கேட்டு வந்தவர் மல்லிகைத் தோட்டக்காரர். இருட்டோடு பூப்பறித்து சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். அப்பா அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, குறை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். குளிரில் கார்புரேட்டர் டிக்ளரைப் பெட்ரோல் கசியும் வரை அமுக்க வேண்டும், 6 வோல்ட் விளக்கு, மழையில் நம்பாதீர்கள், போர் ஒரு முறை போட்டாயிற்று, பின் பிரேக் ஷூ அடுத்த பொங்கலுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். கதவுக்கு உள்ளே நின்ற அம்மா தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். விலை பேசுவதற்கு முன்னாலேயே விலை குறைந்துகொண்டிருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர், “ஏனுங் டாக்டரு, கியரு எப்படீங்?” என்றார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவரை ஓட்டவிட்டு, நடுவில் என்னை உட்கார வைத்து, கடைசியில் தானும் ஏறிக்கொண்டார். வாய்க்கால் பாலம் தாண்டியதும் ரெண்டாவது கியர் நழுவி இன்ஜின் வெறுமனே அலறியது. “அக்சிலேட்டர விடுங்க… இன்னும் சித்த விடுங்க… இப்பக் கம்பிய நல்லா மேல தூக்குங்க” என்று என் தலைக்கு மேலாக அப்பா கத்த, பூக்காரர் தூக்க, கியர் விழுந்து வண்டி ஒரே சீராக இழுத்தது. “இந்த நேக்குத்தானுங்க, கை பழகற வரைக்கும் பொறுத்துக்கோங்க” என்றார் அப்பா. பூக்காரர் திரும்பியே பார்க்காமல் மூன்றாவதுக்கு மாற்றினார்.