மடித்து வைக்கும் வீடு

நள்ளிரவில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. வெளியே மழை நின்று ஒரு மணி நேரமாகியிருந்தது. எதிர்க் கட்டிலில் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து டார்ச்சைக் கூரைக்கு அடித்தார்.

“ஒழுகுதா மச்சான்?”

திருத்திய பரீட்சைத் தாளை வாங்கப்போகும் மாணவனின் குரல். அது அவர் தன் கையால் செய்த கூரை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் புறநகரில், ஒரு கார் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறார் என் தங்கையின் கணவர். 2023 ஆகஸ்டில் நான் அங்கே போனபோது கேரேஜில் காருக்கு இடமில்லை. அந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில், இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு மரப்பெட்டி நின்றது. “பாப்-அப்” என்றார். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் வண்டி. சாலையில் போகும்போது பெட்டி. போய்ச் சேர்ந்த இடத்தில் கூரையை உயர்த்தி, முன்னும் பின்னும் கட்டில்களை வெளியே இழுத்து, சுற்றிலும் கேன்வாஸ் சுவரை மாட்டினால் நான்கு பேர் படுக்கும் அறை. பெட்டி தாழ்வாக இருப்பதால் காற்று தடுப்பதில்லை, பெட்ரோல் மிச்சம், பின்னால் வரும் வண்டியும் கண்ணாடியில் தெரியும்.

கார் வந்த நாளிலிருந்தே அமெரிக்கர்களுக்கு இந்தப் பித்து உண்டு. காரில் கூடாரத்தோடு ஊர் சுற்றியவர்கள் 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் கூடி, “டின் கேன் டூரிஸ்ட்ஸ்” என்று சங்கமே தொடங்கினார்கள். வீட்டில் செய்த டிரெய்லருக்கும் மிச்சிகன் அரசு எண் பலகை கொடுக்கிறது. ஒருமுறை பணம் கட்டினால் போதும்.

பெட்டியின் அளவு 8 அடிக்கு 4 அடி. ஏன் அந்தக் கணக்கு என்றேன். “பிளைவுட் அந்த அளவிலதான் வருது” என்றார் மாப்பிள்ளை.

நான்கு மூலையிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரும்புக் குழாய்கள். கப்பிகள் வழியே ஓடும் கம்பி வடங்கள் முன்பக்கத்து வின்ச்சில் வந்து சேர்கின்றன. கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழ வேண்டும். முதல் நாள் மூன்று மூலை எழுந்தது, நான்காவது எழவில்லை. கூரை கோணிக்கொண்டு சிக்கி நின்றது. கார்த் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்தார். புது வடம் நீளும், நான்கும் ஒரே அளவாக நீளாது என்றார். ஒவ்வொரு மூலையிலும் முறுக்கி இறுக்கும் திருகு ஒன்றைப் போட்ட பிறகு கூரை நேராக எழுந்தது.

அடுத்து விளக்கு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கியது. இரண்டு நாள் எல்லா ஒயரையும் பிரித்துச் சேர்த்தார். கோளாறு வெள்ளை ஒயரில், அதாவது எர்த்தில். பெயின்ட் அடித்த இரும்பின் மேலேயே அதைத் திருகியிருந்தார். பெயின்டைச் சுரண்டியதும் சரியாகிவிட்டது.

இவ்வளவு பாடு எதற்கு, பழசாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. தங்கைதான் சொன்னாள். அமெரிக்கா வந்து 13 ஆண்டு. இன்னும் எச்-1பி விசா. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியர்களின் வரிசை நகர்வதே தெரிவதில்லை. வீடு வாங்கத் துணியவில்லை. ஊரிலிருந்து வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி இன்னும் அட்டைப் பெட்டியில். “இது ஒண்ணுதான் எங்களுக்குன்னு இருக்கற வீடு அண்ணா” என்றாள்.

டெல்லியில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாற்றி மாற்றிக் குடியிருக்கும் எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

டெட்ராய்டிலிருந்து வடக்கே ஐ-75 நெடுஞ்சாலை. முதல் ஒரு மணி நேரத்திலேயே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடியது. ஓரம்கட்டி யோசித்தோம். தண்ணீர்க் கேனும் ஐஸ் பெட்டியும் அரிசிப் பையும் கடைசியில் அடுக்கப்பட்டிருந்தன. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். வீட்டில் குளியலறை எடை மெஷினை வைத்து அளந்திருந்தார், ஆனால் காலிப் பெட்டியை. சாமான்களை முன்னால் நகர்த்தினோம். வால் அடங்கியது.

அன்றிரவு ஹார்ட்விக் பைன்ஸில் தங்கினோம். மிச்சிகனின் வெள்ளை பைன் காடுகளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மர வியாபாரிகள் மொட்டையடித்தார்கள். தப்பிய மிகச் சில துண்டுகளில் ஒன்று இது. எண்பத்தைந்து ஏக்கராக இருந்தது, 1940இல் அடித்த புயலில் சாய்ந்ததுபோக 49 ஏக்கர் மிச்சம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரங்கள். அவற்றின் அடியில் நடந்துவிட்டுத் திரும்பி, ரவை உப்புமா சாப்பிட்டு, மழை வரவே எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டுப் படுத்தோம். அப்போதுதான் நெற்றியில் அந்தச் சொட்டு.

மாப்பிள்ளை கூரை முழுவதும் தடவினார். தையலில் ஈரமில்லை. கேன்வாஸை ஊரிலேயே தண்ணீர் அடித்து நனைத்துக் காயவைத்திருந்தார். அப்படிச் செய்தால் நூல் உப்பி ஊசித் துளைகள் அடைபட்டுவிடும். ஈரம் அலுமினியத் தகட்டின் உட்புறத்தில் மட்டும், பனிபோலப் பரவியிருந்தது. அவருடைய மகள்தான் கண்டுபிடித்தாள். “அப்பா, இது மழை இல்ல. நாம விட்ட மூச்சு.”

நான்கு பேரின் மூச்சு, வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த தகட்டில் பட்டுச் சொட்டியிருந்தது. எதிரெதிர் ஜன்னல்களின் ஜிப்பை இரண்டு விரல் அளவு திறந்தோம். சொட்டு நின்றது. காலையில் வெயில் வரக் காத்திருந்து, கேன்வாஸ் காய்ந்த பிறகே மடித்தார். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

கோவையில் பிறந்து இரண்டு வயதில் அமெரிக்கா வந்த பெண் அவள். இப்போது 15. பெற்றோரை ஒட்டிய விசா 21 வயதோடு முடிந்துவிடும். பிறகு அவளுக்கென்று தனி விசா வேண்டும். “இன்னும் ஆறு வருஷம் இருக்கு மாமா” என்றாள், பொதுத் தேர்வுத் தேதியைச் சொல்வதுபோல.

கேலார்ட் அருகே, பூமத்திய ரேகைக்கும் வடதுருவத்துக்கும் நடுப்பாதி என்று ஒரு பலகை வருகிறது. 45ஆவது அட்சரேகை. அதைத் தாண்டி ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுவே கை வைத்துப் பார்ப்பது வழக்கம். இடது பக்கம் இளஞ்சூடு. வலது பக்கம் கை வைக்க முடியவில்லை.

“இன்னும் ஒரு மணி நேரந்தான். மெதுவாப் போயிடலாம்” என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் மெக்கினாக் பாலம். மிச்சிகன், ஹியூரான் ஏரிகள் சந்திக்கும் நீரிணையின் மேல் 8 கிலோமீட்டர். அங்கே பேரிங் பிடித்துக்கொண்டால் சக்கரமே கழன்று போகலாம். நான் வாயைத் திறக்குமுன் தங்கை காரிலிருந்து இறங்கிப் புல்லில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். “சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, வர்றேன்.”

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காப்பி டின்னில் போட்டுக் கொடுத்திருந்த கிரீஸும் ஸ்பிளிட் பின்னும் அப்போது உதவின. கோளாறு எளியது. சக்கரம் ஆடிவிடக் கூடாது என்ற பயத்தில் அச்சு நட்டை முழுப் பலத்தோடு இறுக்கியிருந்தார். உருள வேண்டிய பேரிங் நசுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. நல்லவேளையாக உருளைகள் நிறம் மாறவில்லை. துடைத்து, புது கிரீஸ் திணித்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கை விரலால் மட்டும் முடுக்கிப் பின்னைப் போட்டார். இரண்டு மணி நேரம் போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மெக்கினா சிட்டியில் மறுபடி தொட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே இளஞ்சூடு.

1957இல் திறந்த பாலம். நடுவே நீருக்கு மேல் சுமார் 60 மீட்டர் உயரம். தொங்கும் பகுதியின் உள் தடங்களில் தளமே கிடையாது, காற்று ஊடுருவ இரும்புக் கம்பி வலைதான். குனிந்தால் கீழே ஏரி தெரிகிறது. காற்று பலத்தால் உயரமான வண்டிகளை மெதுவாக்குவார்கள். இன்னும் பலத்தால் பாலத்தையே மூடுவார்கள். அன்று மிதமான காற்று. தார் போட்ட வெளித் தடத்தில், தாழ்ந்து பதுங்கிய பெட்டியை இழுத்துக்கொண்டு போனோம். மாப்பிள்ளை சாலையைவிட வலது பக்கக் கண்ணாடியையே அதிகம் பார்த்தார்.

மறுகரையில் செயின்ட் இக்னேஸ். பாலம் தெரியும் பூங்காவில் இடம் கிடைத்தது. வின்ச்சைச் சுற்றியது மகள். கூரை எழுந்தது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் தாழ்ந்தே நின்றது. மாப்பிள்ளை ஸ்பானரை எடுத்தார்.

“காலையில பாத்துக்கலாம், சாப்பிட வாங்க” என்றாள் தங்கை.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பாலத்தில் விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் ஜிப்பை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் படுத்தோம்.