வளரும் பிள்ளைக்கு வாங்கும் மிதிவண்டி

வளரும் பிள்ளைக்கு எதையும் அளவாக வாங்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். தீபாவளிப் பாவாடையில் இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைப்பார்கள். அடுத்த ஆண்டு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். பள்ளிக் காலணியின் முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மாதச் சம்பளக் குடும்பங்களைக் கரையேற்றி வந்த நல்ல சட்டந்தான் அது. ஆனால், பாவாடைக்குப் பொருந்தும் நியாயம் மிதிவண்டிக்கும் பொருந்துமா என்ற கேள்வி அண்மையில் எங்கள் இல்லத்தில் எழுந்தது.

நாங்கள் தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பொன்றில் வாழ்பவர்கள். மத்திய அரசு எழுத்தர் உத்தியோகம். அளந்து செலவிட வேண்டிய வருவாய். எங்களில் ஒருவருக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. மற்றவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம். மகளுக்கு ஏழு வயது நிறைந்துவிட்டது, மகனுக்கு ஐந்து. மகளுடைய 16 அங்குல வண்டியில் இருக்கையை இனி உயர்த்த இடமில்லை. மிதிக்கையில் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. அந்த வண்டி தம்பிக்கு என்பது பேச்சின்றி முடிவாயிற்று. அவளுக்கு அடுத்த வண்டி எது என்பதில்தான் வழக்கு.

ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டார். "ஏ தம்பி, இருபதெல்லாம் எதுக்கு? இருபத்துநாலாப் பார்த்து வாங்கிப் போடு. எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஓடும். நாமல்லாம் குரங்குப் பெடல் போட்டுத்தானே படிச்சோம்?" ஜண்டேவாலான் மிதிவண்டிச் சந்தையில் கடைக்காரரும் அதையே இந்தியில் சொன்னார். 'லம்பா சலேகா' என்பது அவர் மந்திரம். இரண்டுக்கும் விலை வேறுபாடு எண்ணூறு ரூபாய்தான். இன்று 20 அங்குலம் வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடியும் ஆறேழாயிரம் எடுத்து வைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்குச் சரக்கு-சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது சிறு ஆறுதலே தவிர, இந்தக் கணக்கை அது மாற்றவில்லை.

கடையில் சொல்லும் எண்களிலேயே ஒரு சிக்கல் உண்டு. சிறுவர் வண்டியின் 16, 20, 24 என்பவை சக்கரத்தின் விட்டத்தைக் குறிப்பவை. நம் தந்தையர் ஓட்டிய கறுப்பு வண்டியின் 22 என்ற எண்ணோ சட்டத்தின் உயரம். அதன் சக்கரம் 28 அங்குலம். ஆகவே எண்ணை வைத்துப் பிள்ளைக்குப் பொருத்தம் பார்க்க இயலாது. வயதை வைத்துப் பார்ப்பதும் அரைகுறைதான். ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் ஒரே உயரமாகவா இருக்கிறார்கள்? அளக்க வேண்டியது காலை.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கச் செய்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே இயன்றவரை மேலே தூக்கி, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடிட வேண்டும். தரையிலிருந்து அக்கோடு வரை உள்ளதே காலின் உள்ளளவு. எங்கள் மகளுக்கு 55 சென்டிமீட்டர் வந்தது. வண்டியின் இருபுறமும் காலூன்றி நின்றால் நடுக்கம்பி அந்த அளவுக்கு ஓரிரு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களின் முன்பகுதியேனும் தரையில் பட வேண்டும். 24 அங்குல வண்டியில் இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கியும் 70 சென்டிமீட்டர் இருந்தது. 20 அங்குல வண்டியில் 58. சுவர்க்கோடு தன் கட்சியைச் சொல்லிவிட்டது.

காலுக்கு அடுத்தபடி கையையும் பார்த்தோம். பிரேக் பிடியை அவளுடைய சிறு விரல்கள் எட்டிப் பற்றி அழுத்த முடிகிறதா என்பது, வண்டியின் நிறத்தைவிடப் பெரிய செய்தி. அடுத்தது எடை. முன்னும் நடுவிலும் சுருள்வில் வைத்த, பருத்த டயர் போட்ட வண்டியின் மீதுதான் மகளின் கண் இருந்தது. அதன் எடை 15 கிலோ. அவள் எடை 21. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டுவதற்கு இது சமம். வில்லில்லாத வண்டி பன்னிரண்டு கிலோவுக்கும் குறைவு. இரண்டையும் கடை வாசலில் தள்ளிப் பார்க்கச் சொன்னோம். முதல் வண்டியைத் திருப்ப முயன்று சாய்த்துவிட்டவள், இரண்டாவதை விட்டு இறங்க மறுத்தாள்.

இருந்தும், அண்ணன் சொன்ன குரங்குப் பெடல் மனத்தில் நின்றது. மணிக்கணக்கில் வாடகை பேசி எடுத்த வண்டியில், இடக்கையால் கைப்பிடியையும் வலக்கையால் இருக்கையையும் பற்றி, நடுக்கம்பிக்கு அடியில் காலை நுழைத்து அரை மிதியாக மிதித்த இன்பம் பொய்யன்று. ஆனால் அன்றைய தெருவில் எதிர்ப்பட்டவை ஓர் ஆடும் ஒரு மாட்டுவண்டியுமே. விழுந்தால் மணலில் விழுந்தோம். இங்கே குடியிருப்பின் உட்சாலையிலேயே உணவுப் பொட்டலம் சுமந்த மோட்டார் சைக்கிள்கள் மூலை திரும்புகின்றன. நினைத்த கணத்தில் காலூன்ற முடியாத பிள்ளையை அதில் இறக்கிவிடுவது சிக்கனமாகாது.

இதைச் சுருங்கச் சொன்னவர் புதுக்கோட்டை அம்மா. 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினார்கள். அவர்களில் ஒருவர் அவர். "மாப்பிள்ளை, நாங்க ஆம்பளை சைக்கிள்ல படிச்சது ஆசைப்பட்டு இல்ல, அதுதான் கெடைச்சுச்சு. பயம் போறதுக்கே பாதி நாளு போயிருச்சு. புள்ளைக்கு எட்டுறதா வாங்குங்க." வழக்கு அத்துடன் முடிந்தது. 20 அங்குல வண்டி வீடு வந்து சேர்ந்தது. தலைக்கவசமும் உடன் வந்தது.

மகனுக்குச் சென்ற பழைய வண்டியில் ஒரு மாற்றம் செய்தோம். 1817-இல் ஜெர்மானியர் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது; காலால் தரையை உந்தியே ஓட்டினார். சமநிலை முதலில், மிதிப்பது பிறகு என்ற அந்த வரிசை பிள்ளைகளுக்கும் உகந்தது. பக்கச் சக்கரங்களையும் பெடல்களையும் கழற்றி, இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தோம். (இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது, அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும்.) உந்தி உந்திப் பழகியவன் மூன்றாம் வாரம் பெடலைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இனி, அந்த ஆறேழாயிரம். ஊரில் இருந்தால் பெரியப்பா மகனின் வண்டி சித்தி மகளுக்கு வரும். அவளுடையது அடுத்த வீட்டுக்குப் போகும். யாரும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஈராயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் வந்துவிட்ட நமக்குப் பெரியப்பாவும் சித்தியும் இந்தச் சங்கத்துக் குடும்பங்கள்தாம். பொங்கல் விழாவுக்குக் கூடும் நாளில், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன மிதிவண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்தினால், ஒரு வீட்டில் துருப்பிடிக்கும் 24 அங்குலம் இன்னொரு வீட்டில் ஓடும். மூன்றாண்டு கழித்து எங்களுக்கு அது தேவைப்படும். அதற்கு மாற்றாக, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, நனையாமல் காத்த 20 அங்குல வண்டி ஒன்று எங்களிடம் இருக்கும். வேண்டுவோர் இப்போதே சொல்லி வைக்கலாம். வரும்போது பிள்ளையின் கால் அளவையும் குறித்து வாருங்கள்.