மாப்பிள்ளையின் காதோரம் பறந்த கொக்கி

தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் மண்பாதை, மழைக்காலத்தில் பாதையாக இருக்காது. ஐப்பசி பிறந்தால் கடைசி அரைக் கிலோமீட்டர், தொழி உழுத வயல் மாதிரி ஆகிவிடும். அதில் ஏறி இறங்கவென்றே அப்பா காலத்து மஹிந்திரா ஜீப் ஒன்று வைத்திருக்கிறோம். காப்பி மூட்டை, மலைவாழைத் தார், வலி எடுத்த பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைத்தாச்சி என்று அது சுமக்காத பாரம் இல்லை. ஃபோர் வீல் டிரைவ்தான். ஆனால் நான்கு சக்கரமும் சேற்றில் சுற்ற ஆரம்பித்துவிட்டால், அது நான்கு குழி தோண்டும் எந்திரம், அவ்வளவுதான்.

அப்புறம் யாராவது இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். இழுக்கக் கயிறு மாட்ட வண்டியில் ஓர் இடம் வேண்டும். மலையேற்ற வண்டிப் பிரியர்கள் அதை 'ரெகவரி பாயின்ட்' என்கிறார்கள். எங்களுக்குக் கொக்கி.

எங்கள் ஜீப்பின் கொக்கி நானே செய்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய 16 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, முன் பம்பரில் வெல்டிங் வைத்து, சிவப்பு பெயின்ட் அடித்திருந்தேன். பார்க்க ஜோராக இருக்கும். மூன்று மழைக்காலம் தாங்கியது. மூன்று வருஷம் தாங்கியது நாலாவது வருஷமும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் முப்பது தாரோடு இறங்கும்போது, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஓடைப் பள்ளத்தில் அச்சு முட்ட இறங்கிவிட்டன. தங்கச்சி வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தார். நேராக நிறுத்த இடமில்லை, சாய்வாக நிறுத்தி நைலான் கயிறு கட்டினோம். இரண்டு தடவை மெதுவாக இழுத்தும் ஜீப் அசையவில்லை.

"மச்சான், கொஞ்சம் பின்னால வந்து ஒரு வெட்டு வெட்டிப் பாக்குறேன்" என்றார். நானும் தலையாட்டினேன்.

கயிற்றைத் தொய்யவிட்டு டிராக்டர் பாய்ந்தது. வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஜீப் அங்கேயே கிடந்தது. மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு வலது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொக்கி அவர் காதை உரசிக்கொண்டு போய், ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த மீட்டரை உடைத்திருந்தது. காது மடலில் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால்...

சாயங்காலம் தங்கச்சி வந்தாள். கொக்கியை எடுத்து, மிளகு நிறுக்கும் தராசில் வைத்தாள். "அரைக் கிலோவுக்கு மேல இருக்குண்ணே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொக்கியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

பதினோராவது நாள் ஜீப்பை வத்தலக்குண்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணன் பிய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பெயின்டைச் சுரண்டாம மேலயே வெல்டிங் வச்சிருக்கீங்க. இது ஒட்டினதே இல்ல, ஒட்டின மாதிரி இருந்திருக்கு. அதுவும் எங்க? பம்பர்ல. பம்பர் இடி வாங்குறதுக்கு, இழுக்குறதுக்கு இல்ல. நேரா இழுத்தா ஒரு கணக்கு, சாச்சு இழுத்தா நெம்புகோல் போட்டு நெம்புற கணக்கு."

மீதிக் கணக்கை பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் போட்டுக் காட்டினான். 2 டன் டிராக்டர், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம். ஓட்டப்பந்தயம்கூட இல்லை, சும்மா ஓடுகிற வேகம். அதைக் கயிறு 1 மீட்டர் நீண்டு கொடுத்து நிறுத்தினால், கொக்கியில் சராசரியாக முக்கால் டன் இழுவை விழும். நீளாத சங்கிலியாக இருந்து 10 சென்டிமீட்டரில் நின்றால், கிட்டத்தட்ட 8 டன். அப்படியானால் நீளும் கயிறுதான் நல்லதா என்றால், அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. நீண்ட கயிறு கவண் மாதிரி. பிடி விட்டுப்போனால், நுனியில் இருப்பதை வீசி எறிந்துவிடும். அன்று எங்களுக்கு நடந்தது அதுதான்.

புதுக் கொக்கிக்கு அண்ணன் கம்பியையே தொடவில்லை. 12 மில்லிமீட்டர் கனத்தில் புது இரும்புத் தகடு இரண்டு வெட்டினார், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சேஸிஸின் முன் நுனியில், பக்கச் சுவரின் நடுவில் துளை போட்டார். கேஸ் வைத்து ஓட்டை போடலாமே என்றேன். "சூடு பட்டா அந்த இடம் குணம் மாறிடும்ணே" என்று டிரில்லிங் மெஷினைத்தான் எடுத்தார். அதே காரணத்துக்காக சேஸிஸில் வெல்டிங்கும் கிடையாது. ஒரு தகட்டுக்கு மூன்று போல்ட், உள்பக்கம் தாங்கலுக்கு இன்னொரு தகடு. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த எண் இருக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று அறுபட சுமார் 4 டன் வேண்டுமாம். எண் இல்லாத போல்ட்டும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது. இத்தனை வருஷம் கடையில் சைஸ் மட்டும் சொல்லி வாங்கியிருக்கிறேன்.

தகட்டின் முன்பக்கம் ஷேக்கிள் மாட்ட ஒரு துளை. துளையைச் சுற்றி, அதன் அகலத்துக்குக் குறையாமல் இரும்பு விட்டார். கயிறு அறுபடாமல் இருக்க விளிம்பையெல்லாம் அரம் போட்டு மழுக்கினார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம். ஷேக்கிளை நான்தான் வாங்கினேன், உடம்பிலேயே 4.75 டன் என்று அச்சிட்டது. தகடுகள் பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கவில்லை. எதிரே வரும் ஆளைக் குத்தக் கூடாது இல்லையா?

எல்லாம் முடிந்து காசு கொடுக்கும்போது அண்ணன் சொன்னார்: "இது கம்பெனியில டெஸ்ட் பண்ணின சாமான் இல்ல. நானும் நீங்களும் செஞ்சது. மெதுவா இழுக்கத்தான். ரெண்டு பக்கமும் கயிறைப் போட்டு நடுவுல இழுங்க. வெட்டி இழுக்கணும்னா என் பேரைச் சொல்லாதீங்க."

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டூல் கிட்டோடு மரையில் திருகி மாட்டுகிற ஒரு வளையம் வரும். அது தார் ரோட்டில் நின்றுபோன காரை மெதுவாகக் கட்டி இழுப்பதற்கு. சேற்றுக்கு இல்லை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போடவே போடாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் மூன்று தடவை சேற்றில் மாட்டினோம். இரண்டு தடவை கொக்கிக்கு வேலையே வரவில்லை. தாரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் வெட்டி, கல் அடுக்கினதும் ஜீப் தானே ஏறிவிட்டது. அன்றைக்கும் இதைச் செய்திருக்கலாம். அரை மணி நேர வேலைக்குச் சோம்பல்.

மூன்றாவது தடவை டிராக்டர் வர வேண்டியதாயிற்று. வேடிக்கை பார்க்க நின்ற பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்குத் துரத்தினேன். கயிறு அறுந்தாலும் கீழே அமுங்கட்டும் என்று அதன் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டேன். கயிறு விறைக்கும்வரை மாப்பிள்ளை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பிறகு ஒரே சீரான இழுவை. ஜீப் முனகிக்கொண்டே மேலே வந்தது. அவர் முழு நேரமும் தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பழைய கொக்கி தங்கச்சி வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. சிவப்பு பெயின்ட் இன்னும் போகவில்லை. இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும்ணே" என்கிறாள்.