கொடியேற்றத்துக்கு வந்த வண்டி

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்றத்தைக் காணச் சென்றிருந்தேன். மணலோரம் ஒரு பழைய பஸ் நின்றது. இருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் அடுப்புமாக அதனை வீடாக்கியிருந்தனர். காஸ் சிலிண்டரும் உள்ளேயே! தேநீர் மணம் என்னவோ அருமைதான். என் நெஞ்சமோ மதுரைக்குச் சென்றது. அங்கே 2023 ஆகஸ்ட் 26 விடியலில், ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், தடையை மீறிக் கொணர்ந்த சிலிண்டரால் தீ மூண்டு 9 யாத்திரிகர் மாண்டனர்.

"சிலிண்டரை வெளியே வைக்கலாகாதா, காக்கா?" என்றேன்.

"கடற்காற்று அடுப்பை அணைத்துவிடுகிறதே, தம்பி!"

"அடுப்பு உள்ளே இருக்கட்டும், சிலிண்டர்தான் வெளியே நிற்க வேண்டும். இந்த வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலெழாது, தரையில் தேங்கும். கூரைச் சாளரத்தால் பயனில்லை. தரைமட்டத்தில் துவாரம் வேண்டும். தீயணைப்பானும் அடுப்பருகே வேண்டாம், வாசலருகே மாட்டுங்கள்."

அவர் குனிந்து, குழந்தைகள் உறங்கும் பாயைப் பார்த்தார். பிறகு சிலிண்டரின் வாயைத் திருகி மூடினார்.